டவுசர் இல்லாத கேப்டன்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. யாரும் தேடலைன்னு தெரியும், இருந்தாலும் சொல்லிக்கறது ஒரு மரியாதை இல்லையா :-)

இன்னிக்கு ரக்பி பத்தி எழுதப் போறேன். ஓடிடாதீங்க. எனக்கும் ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் ரக்பின்னா, முட்டை மாதிரி ஒரு பந்தை வெச்சுக்கிட்டு தடித்தடியா ஆளுங்க ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவாங்க, அவ்வளவுதான் தெரியும். 2023-ல கம்பெனி என்னை ஆன்சைட்னு கேப் டவுனுக்கு அனுப்பிச்சுது. எல்லாரும் அமெரிக்கா, லண்டன்னு போவாங்க, நமக்கு வாய்ச்சது தென்னாப்பிரிக்கா. அங்க போனா நம்ம ஊர் மாதிரியே கரன்ட் கட். அப்ப அட்டவணை போட்டு நிறுத்தினாங்க. எனக்கு வீட்டு ஞாபகமே வரல, அவ்வளவு பழக்கமான இருட்டு.

அந்த வருஷம் உலகக் கோப்பை. க்ளையன்ட் ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை ஆனா எல்லாரும் பச்சை ஜெர்சி. காலை மீட்டிங்ல அரை மணி நேரம் மேட்ச் பேச்சு, அஞ்சு நிமிஷம் வேலைப் பேச்சு. நம்ம ஊர்ல கிரிக்கெட் சீசன்ல நடக்கறதுதான். ஒண்ணும் புரியாம முழிச்சுக்கிட்டு இருந்த எனக்கு ரக்பி சொல்லிக் குடுத்தவர் ஆபீஸ் ஆள் இல்லை. நான் தங்கியிருந்த அபார்ட்மென்ட் செக்யூரிட்டி பெரியவர். கோசா இனத்துக்காரர். அவங்க மொழியில அப்பா வயசு ஆளுங்களை 'டாட்டா'ன்னு கூப்பிடணும். நம்ம ஊர்ல கிளம்பும்போது சொல்ற வார்த்தை, அங்க வணக்கம் சொல்றப்ப வருது. முதல் ஒரு வாரம் எனக்கு சிரிப்பு அடக்க முடியல.

ஒரு சின்ன முன்னுரை குடுத்துடறேன். ஒரு பக்கத்துக்கு 15 பேர், 80 நிமிஷம். பந்தைக் கையில எடுத்துக்கிட்டு முன்னாடி ஓடலாம், ஆனா கையால பாஸ் பண்ணினா பின்னாடிதான் பண்ணணும். எதிராளி கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தைத் தரையில வெச்சா 'ட்ரை', 5 பாயின்ட். அதுக்கப்புறம் உதைக்கற உதை உள்ள போனா இன்னொரு 2. பெனால்டி உதைக்கு 3. ஹெல்மெட், மார்புக் கவசம் எல்லாம் கிடையாது, அது அமெரிக்காக்காரன் விளையாட்டு. ஓடி வர்றவனை இடுப்பைக் கட்டிப் பிடிச்சுக் கீழ தள்ளணும். "எங்க ஊர்லயும் இது இருக்கு டாட்டா, மூச்சு விடாம கபடி கபடின்னு சொல்லிக்கிட்டே ஆடுவோம்"னேன். நம்பாத மாதிரி பார்த்தார். யூடியூப்ல போட்டுக் காமிச்சதும் ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இவங்களுக்கு ஏன் யாரும் பந்து குடுக்கல?"ன்னார்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

சியா கொலிசின்னு ஒருத்தர். தென்னாப்பிரிக்கா ரக்பி டீம் கேப்டன். 1991 ஜூன் 16-ல பொறந்தவர். அதுக்கு அடுத்த நாள்தான், பொறக்கற ஒவ்வொரு குழந்தையையும் இன்ன நிறம்னு பதிவு பண்ற சட்டத்தை அந்த நாட்டு பார்லிமென்ட் ரத்து பண்ணுச்சு. ஊர் போர்ட் எலிசபெத் பக்கத்துல ஸ்விடே. கறுப்பின மக்களை ஊருக்கு வெளிய தள்ளி வெச்ச டவுன்ஷிப்கள்ல ஒண்ணு. போர்ட் எலிசபெத்தோட பேரை 2021-ல கெபெர்ஹான்னு மாத்திட்டாங்க. அந்தப் பேரை டாட்டா சொன்னா முதல் எழுத்துல நாக்கு டக்குன்னு ஒரு சத்தம் போடும். எனக்குக் கடைசி வரைக்கும் வரல.

கொலிசி பொறக்கும்போது அம்மாவுக்கு 16 வயசு. அப்பா ஸ்கூல் கடைசி வருஷம். வளர்த்தது அப்பா வழிப் பாட்டி. அடுத்தவங்க வீட்டு அடுப்படியைக் கழுவி சம்பாதிச்சு வளர்த்திருக்காங்க. சாப்பாடு இல்லாத ராத்திரி தண்ணில சர்க்கரை கலந்து குடிச்சுட்டுப் படுக்கறது. விளையாட பொம்மை கிடையாது. ஒரு செங்கல், அதைக் கார்னு நினைச்சுக்கிட்டு மண்ணுல ஓட்டறது. இதை அவரே பேட்டிகள்ல சொல்லியிருக்கார். இந்த செங்கல்லை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

ரக்பி வெள்ளைக்காரன் விளையாட்டுன்னுதான் நானும் நினைச்சேன். டாட்டாவுக்குக் கோபம் வந்துடுச்சு. கிழக்கு கேப் பகுதியில மிஷன் பள்ளிகள் வழியா கோசா மக்கள் நூறு வருஷத்துக்கு மேல ஆடிட்டு இருக்காங்க. ஆடறதுக்குத் தடையில்லை, நாட்டுக்காக ஆடறதுக்குத்தான் தடை. ஸ்விடேல ஆஃப்ரிக்கன் பாம்பர்ஸ்னு ஒரு க்ளப். எம்செங்கேனின்னு ஒரு ஆரம்பப் பள்ளி. அங்க வாத்தியாரா இருந்த எரிக் சொங்விக்கின்னு ஒருத்தர்தான் இந்தப் பையன்கிட்ட என்னமோ இருக்குன்னு முதல்ல பார்த்தது. பையன் ஒல்லி. ஆனா பந்து போற இடத்துக்குப் பந்துக்கு முன்னாடி போய் நிப்பானாம்.

12 வயசுல மாகாண அளவு செலக்‌ஷன். ரக்பி டவுசர் கிடையாது. உள்ள போடற பாக்ஸரோட மைதானத்துல இறங்கிட்டான். அந்த வயசுல மொசெல் பேன்னு ஒரு கடற்கரை ஊர்ல நடந்த போட்டியில கிரே பள்ளிக்காரங்க கண்ணுல பட்டான். போர்ட் எலிசபெத்ல பெரிய பள்ளி அது. முதல்ல கிரே ஜூனியர்ல உதவித்தொகை, அப்புறம் கிரே ஹைஸ்கூல்லயும். ஃபீஸ், தங்க இடம், யூனிஃபார்ம், மூணு வேளை சாப்பாடு. இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. வகுப்புல இருந்த ஒரு வெள்ளைக்காரப் பையன் இவனுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க, இவன் அவனுக்கு கோசா சொல்லிக் குடுத்தானாம்.

இதுக்கப்புறம் ஏணி படிப்படியா இருக்கு. நம்ம ஊர் கிரிக்கெட்ல மாவட்டம், ரஞ்சின்னு இருக்கற மாதிரி. 2007-ல 16 வயசுக்குக் கீழ மாகாண அணி. அதே வருஷம் தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பை ஜெயிச்சப்ப, வீட்ல டிவி இல்லாததால சாராயக் கடையில நின்னு பார்த்திருக்கான். 2008, 2009-ல 'கிரேவன் வீக்'. அது 1964-ல ஆரம்பிச்ச, 18 வயசுக்குக் கீழ உள்ள பள்ளிப் பசங்களுக்கான மாகாணப் போட்டி. நம்ம காலேஜ் கேம்பஸ் இன்டர்வியூ மாதிரின்னு வெச்சுக்கலாம். பெரிய டீம்காரங்க எல்லாம் நோட்டுப் புத்தகத்தோட வந்து உட்கார்ந்துடுவாங்க. அங்கிருந்து ஸ்கூல் முடிச்ச கையோட கேப் டவுன் பக்கத்து அணியான வெஸ்டர்ன் ப்ராவின்ஸ் கூட்டிட்டுப் போச்சு. 19 வயசு டீம், 21 வயசு டீம், 2011-ல பெரியவங்க டீம், 2012-ல ஸ்டார்மர்ஸுக்காக சூப்பர் ரக்பி.

இந்த இடத்துல நான் டாட்டாகிட்ட, "அப்ப கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டதும் செட்டில் ஆயிட்டாரா?"ன்னு கேட்டேன். ஐடிக்காரன் புத்தி, ஆஃபர் லெட்டர் வந்தா கதை முடிஞ்சுதுன்னு நினைப்பு. அவர் சிரிச்சார். 19 வயசு டீம்ல கையெழுத்துப் போடற பசங்கள்ல பாதிக்கு மேல பெரியவங்க டீம் வரைக்கும் வர மாட்டாங்களாம். முட்டி போயிடும், தோள் போயிடும், இல்லைன்னா அடுத்த வருஷம் இன்னும் பெரிய உடம்போட ஒருத்தன் வந்துடுவான். ரக்பியில சம்பளம்னு ஒண்ணு அதிகாரபூர்வமா வந்ததே 1995 ஆகஸ்ட்லதான். அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் மண்டேலா 6-ம் நம்பர் ஜெர்சியைப் போட்டுக்கிட்டு உலகக் கோப்பையைக் குடுத்தார். அந்த டீம்ல வெள்ளைக்காரர் அல்லாதவர் ஒரே ஒருத்தர், செஸ்டர் வில்லியம்ஸ்.

கொலிசி தப்பிச்சுட்டார். 2013 ஜூன் 15-ல நெல்ஸ்ப்ரூட்ல ஸ்காட்லாந்துக்கு எதிரா நாட்டுக்காக முதல் மேட்ச். பெஞ்ச்ல உட்கார்ந்திருந்தவரை, ஒருத்தருக்கு அடிபட்டதால ஆட்டம் ஆரம்பிச்ச கொஞ்ச நிமிஷத்துலயே உள்ள இறக்கினாங்க. ஆட்ட நாயகனா வெளிய வந்தார். 2018-ல கேப்டன். 1891-ல முதல் டெஸ்ட் ஆடின டீம் அது. 127 வருஷத்துல முதல் கறுப்பின டெஸ்ட் கேப்டன். அவருக்கும் 6-ம் நம்பர். 2019-ல யோகோஹாமால இங்கிலாந்தை 32-12.

நான் பார்த்தது அதுக்கு அடுத்தது. 2023 அக்டோபர் 28, சனிக்கிழமை ராத்திரி. பாரிஸ்ல நியூசிலாந்தோட ஃபைனல். என்னோட ரூம்ல தனியா உட்கார்ந்து பார்க்கப் பிடிக்காம ஒரு பாக்கெட் முறுக்கு எடுத்துக்கிட்டுக் கீழ டாட்டா ரூமுக்குப் போயிட்டேன். ஒரு சின்ன டிவி, ரெண்டு பிளாஸ்டிக் சேர். முதல் பாதியில நியூசிலாந்து கேப்டனுக்கு சிவப்பு அட்டை. ரெண்டாவது பாதி ஆரம்பத்துல கொலிசிக்கே மஞ்சள், 10 நிமிஷம் வெளிய உட்காரணும். சேர்ல துண்டைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்த அவரோட மூஞ்சியை கேமரா காட்டும்போதெல்லாம் டாட்டா டிவியைப் பார்க்காம சுவத்தைப் பார்த்தார். 12-11. ஒரே ஒரு பாயின்ட். முடிஞ்சதும் தெருவுல ஹாரன் சத்தம், பட்டாசு, யாரு யாரைக் கட்டிப் பிடிக்கறாங்கன்னே தெரியல. என்னையும் ரெண்டு பேர் தூக்கினாங்க. 58 கிலோதானே, சுலபமாத் தூக்கிட்டாங்க.

எல்லாம் அடங்கினதும் நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு, "பாருங்க டாட்டா, திறமை இருந்தா டவுசர்கூட வேணாம்"னேன். பெரிய தத்துவம் சொல்லிட்டதா நினைப்பு.

அவர் முறுக்கை மென்னுக்கிட்டே சொன்னார்: "எல்லாரும் சியாவோட கதையைச் சொல்றீங்க. நல்ல கதை. அன்னிக்கு அவனோட சேர்ந்து ஆடின மத்த பசங்க எங்க இருக்காங்கன்னு மட்டும் யாரும் கேக்க மாட்டீங்க. அவங்களும் என் ஊர்ப் பசங்கதான், மகனே."

எனக்கு முறுக்கு தொண்டையில நின்னுடுச்சு.

ரூமுக்கு வந்து தூக்கம் வரல. கொலிசி பத்திக் கிடைச்சதை எல்லாம் படிச்சேன். 2019-ல ஒரு ஜப்பான் செய்தி நிறுவனத்துக்குக் குடுத்த பேட்டியில அவரே இதைப் பேசியிருக்கார். இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போகாம இருந்திருந்தா ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டேன், ஒழுங்கா வளர்ந்திருக்க மாட்டேன்ங்கற அர்த்தத்துல. உலகக் கோப்பை கேப்டன், தன் வெற்றிக்குக் காரணமா முதல்ல சோத்தைச் சொல்றார். நாமதான் டவுசர் கதையைப் பிடிச்சுக்கிட்டு தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கறோம்.

2019 ஃபைனல்ல ஆடின மகசோலே மபிம்பி கதை இன்னும் மோசம். அதே கிழக்கு கேப், ஒரு கிராமம். அவரைப் பார்க்க எந்தப் பெரிய பள்ளிக்காரனும் வரல. அம்மா, கூடப் பொறந்தவங்கன்னு ஒவ்வொருத்தரா பறிகுடுத்தவர். மாகாண அணிக்குள்ள வரும்போதே வயசு இருபத்தி மூணு, இருபத்தி நாலு. ஆனா உலகக் கோப்பை ஃபைனல்ல தென்னாப்பிரிக்காவுக்காக முதல் ட்ரை போட்டது அவர்தான். 1995-லயும் 2007-லயும் வெறும் உதையிலதான் ஜெயிச்சிருந்தாங்க. அந்த உலகக் கோப்பையில ஜெர்சி நம்பருக்குள்ள ஒவ்வொருத்தரோட குடும்பப் படங்களையும் சின்னச் சின்னதா அச்சடிச்சாங்க. மபிம்பி ஜெர்சியில இருந்தது எல்லாம் அவரோட படங்கள் மட்டும்தான். வைக்கறதுக்கு வேற யாரும் இல்லை. அதைப் படிச்சுட்டு லேப்டாப்பை மூடி வெச்சேன்.

எனக்கு ஏன் இவ்வளவு குத்துச்சுன்னு சொல்லணும். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை.

எங்க ஊர் செங்கம் பக்கம். எட்டாவது படிக்கும்போது என் பக்கத்து பெஞ்ச்ல ஒருத்தன். பேர் வேணாம். 400 மீட்டர் ஓடுவான். ஓடுவான்னா, குறுவட்டப் போட்டியில பெரிய வகுப்புப் பசங்களை வெறுங்காலோட ஜெயிச்சவன். பி.டி. சார் அவனைக் கூப்பிட்டு, "மே மாசம் திருவண்ணாமலையில விளையாட்டு விடுதிக்கு செலக்‌ஷன் இருக்குடா. எடுத்துட்டாங்கன்னா தங்க இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசாங்கமே பார்த்துக்கும். பிறப்புச் சான்றிதழ், போட்டோ, ஒரு ஷூ. ரெடி பண்ணு"ன்னார்.

ஏப்ரல் கடைசியில ஒரு சாயங்காலம் அவன் எங்க வீட்டுக்கு வந்தான். திண்ணை வரைக்கும்தான் வந்தான். "உன் ஷூவை ஒரு நாளைக்குக் குடுக்கறியாடா?" என்கிட்ட ஒரு வெள்ளை கேன்வாஸ் ஷூ இருந்துச்சு. புதுசு. குடுத்தா அம்மா திட்டும். "ஷூ கிழிஞ்சு போச்சுடா"ன்னேன். ஷூ அவனுக்கு நேரா, கதவுக்குப் பின்னாடிதான் இருந்துச்சு. பார்த்தானா இல்லையான்னு தெரியல. "சரிடா"ன்னு போயிட்டான். செலக்‌ஷனுக்கு அவன் போகல. ஒன்பதாவதுல பாதியில ஸ்கூலுக்கு வர்றதையும் நிறுத்திட்டான்.

நான் படிச்சேன். ட்யூஷன், கட்-ஆஃப், கவுன்சிலிங், முதல் பட்டதாரிச் சலுகை, கேம்பஸ்னு ஒவ்வொரு படியிலயும் ஏத்தி விட யாரோ ஒருத்தர் நின்னுட்டு இருந்தாங்க. நான் ஏதோ சொந்தமா ஏறினதா நினைச்சுட்டு இருந்தேன்.

அடுத்த நாள் ஞாயித்துக்கிழமை ஊர் நண்பர்கள்கிட்ட நம்பர் வாங்கி அவனுக்குப் போன் பண்ணினேன். இப்ப குட்டியானை ஓட்டறான். சொந்த வண்டி, தவணை ஓடிட்டு இருக்கு. எடுத்ததும் குரல் கண்டுபிடிச்சுட்டான். "என்னடா திடீர்னு? கல்யாணமா?"ன்னான்.

சுத்தி வளைச்சு ரக்பியில ஆரம்பிச்சேன். டவுசர் கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சான். "பாக்ஸரோடயா ஆடுனான்? பயலுக்குத் தில்லுடா!" செங்கல் பொம்மையைச் சொன்னேன். சிரிப்பு நின்னுச்சு. "நாங்களும் வெச்சிருந்தோம்டா. ஆனா எங்களுக்கு அது பொம்மை இல்லையே"ன்னான். அவங்க வீட்ல எல்லாரும் பொங்கல் முடிஞ்சதும் திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போயிடுவாங்க. முன்பணம் வாங்கியிருப்பாங்க, மழைக்காலம் வர்றதுக்குள்ள கல் அறுத்துக் கழிக்கணும். இவன் மட்டும் பரீட்சை வரைக்கும் பாட்டியோட ஊர்ல இருப்பான். இவனுக்கும் பாட்டிதான்.

ஷூவைப் பத்தி எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம, நேராவே சொல்லிட்டேன். அன்னிக்கு ஷூ கிழியலடா, பொய் சொன்னேன்.

"தெரியும்டா. கதவுக்குப் பின்னாடி இருந்துச்சு."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் அவனே சொன்னான். "அதுக்காடா இத்தனை வருஷம் கழிச்சுப் போன் பண்ணின? லூசு. ஷூ இருந்திருந்தாலும் நான் போயிருக்க முடியாது. அப்பாவுக்கு முன்பணம் கழியல, கல் அறுக்க ஒரு கை குறையுதுன்னு அந்த வாரமே ஆள் விட்டு என்னைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அதோட பிறப்புச் சான்றிதழ்னு கேட்டாங்கல்ல, நான் சூளையில பொறந்தவன். யாரு பதிஞ்சா?"

எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் அந்த நிம்மதி மேலயே வெறுப்பு. அவன் விடல. "ஆனா குடுத்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்டா. சூளையில சாயங்காலம் ஓடிப் பார்த்திருப்பேன்."

டாட்டாகிட்ட இதைச் சொன்னேன். ஒண்ணும் சொல்லாம தலையை ஆட்டினார். அவருக்கு இது புதுக் கதை இல்லை போல.

கொலிசியைக் குறைச்சு சொல்றதுக்காக இதை எழுதல. அவரோட அம்மாவும் பாட்டியும் அவர் ஸ்கூல் படிக்கற காலத்துலயே போயிட்டாங்க. அம்மா போனப்புறம் காப்பகங்கள்ல இருந்த தம்பி தங்கச்சியை 2014-ல தேடிப் பிடிச்சு சட்டப்படி தன் பொறுப்புல எடுத்து வளர்த்தவர். அவ்வளவு பெரிய மனுஷன். ஆனா அவருக்குக் கிடைச்சதை வரிசையாப் போட்டுப் பாருங்க. கவனிச்ச ஒரு வாத்தியார், பக்கத்துலயே ஒரு க்ளப், போய் வர ஒரு போட்டி, அங்க பார்க்க வந்த ஒரு பள்ளி, மூணு வேளை சாப்பாடு, ஒரு கிரேவன் வீக். இதுல ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அந்தக் கான்ட்ராக்ட்ல அந்தக் கையெழுத்து இல்லை. மபிம்பி மாதிரி கண்ணியே இல்லாம வர்றவங்க ஆயிரத்துல ஒருத்தர். என் நண்பனுக்குப் பாதி சங்கிலி இருந்துச்சு. ஓட்டம் இருந்துச்சு, பி.டி. சார் இருந்தார், விடுதிகூட இருந்துச்சு. நடுவுல அறுந்து கிடந்த ரெண்டு மூணு கண்ணியில ஒண்ணு எங்க வீட்டுக் கதவுக்குப் பின்னாடி இருந்துச்சு.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். அவன் வீட்டுக்குப் போனேன். நாலு வயசுல ஒரு பையன். வாசல்ல குட்டியானையைச் சுத்தி ஓடிட்டே இருக்கான், ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கறான். அப்பன் மாதிரியே முன்னங்கால்ல ஓடறான். நான் வழக்கம் போல பெரிய மனுஷத்தனமா, "இவன் கால் அளவு என்னடா? நான் ஷூ வாங்கித் தரேன்"னேன்.

"வாங்கிக் குடு, வேணாம்னு யாரு சொன்னா?"ன்னான். "ஆனா அவசரம் இல்ல. இவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கிட்டேன். லேமினேஷன் போட்டு பீரோவுல வெச்சிருக்கேன், பாக்கறியா?"

எடுத்துக் காமிச்சான்.